இடமின்மையால் சுருக்கப்பட்டது

களுவாஞ்சிக்குடி நூலகத்தின் பின்னறையில்
பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்கு
பழைய பத்திரிகைகளைப் படம் பிடிக்கிறேன்.
திருப்பும்போது விளிம்பு நொறுங்கும்,
சுட்ட பப்படம் மாதிரி.
பாதி மேசையில் விழும். பாதி என் நெஞ்சுக்குள்.

முதல் மாதம் தும்மல்.
மூன்றாம் மாதம் கிளினிக்.
"என்ன வேல செய்யிறீங்க?"
"பேப்பர் பாக்கிற வேல."
"அதுக்கா இந்த இருமல்?"
டொக்டர் சிரித்துக்கொண்டே துண்டில் எழுதினார்:
இது இங்க இல்ல, வெளிய எடுங்க.

அன்றைக்குப் பின்னேரம்தான்
ஓ. கதிராமப்போடியைக் கண்டேன்.
முப்பத்தைந்தாம் ஆண்டு, மாசி,
மூன்றாம் பக்கம், பூச்சி தின்ற துளைக்கு இடப்புறம்.

*கனம் பத்திராதிபர் அவர்கட்கு. ஐயா,
மண்டூர்த் துறையில் இரா ஏழுக்குமேல் ஓடமில்லை.
கொயினா வந்ததென்று பறையறைந்தார்கள்.
போய்க் கேட்டால் அப்போதிக்கரி
போத்தலைக் கவிழ்த்துக் காட்டுகிறார்.
வருத்தக்காரரைப் பாயோடு கரையில் கிடத்தி
விடியுமட்டும் நுளம்புக்குத் தீனி போடுகிறோம்.
மேலதிகாரிகள் கண் திறப்பார்களா?*

கீழே பொடி எழுத்தில்:
இடமின்மையால் சுருக்கப்பட்டது. (ப-ர்.)

பங்குனியில் மறுபடி எழுதினார், ஓடம்.
வைகாசியில், ஓடத்தின் ஓட்டை.
ஆடியில் ஓடக்காரனுக்கே குளிர்காய்ச்சல்.
அடுத்த வருஷம் ஒரு முழுக் கடிதம்
ஒரு கயிற்றைப் பற்றி மட்டும்:
அறுந்தது யாரால், புதுசு யார் பொறுப்பு.
ஒவ்வொன்றின் காலடியிலும் அதே பொடி எழுத்து.

"ஒங்கட ஆள் இண்டைக்கு எழுதியிருக்காரா?"
மருதமுனையிலிருந்து வரும் மிஸ்ரியா கேட்பாள், அடுத்த மேசை.
அவள் பங்குக்கு மரண அறிவித்தல்கள்.
வயது போடாத சாவுகளைத்
தன் கொப்பியின் கடைசித் தாளில்
கோடு கோடாகக் கீறி வைத்திருந்தாள்,
யாரும் கேட்காத கணக்கு.

எங்களுக்கு வருத்தம் என்றால்
காய்ச்சல், வயிற்றோட்டம், அம்மாள் போட்டது.
பத்திராதிபருக்கு அது ஒரு வாக்கியத்தின் தொடக்கம்:
*வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வதாவது...*
ஒரே சொல்லை இரண்டு கரையிலும் வைத்துக்கொண்டு
நடுவில் ஓடமில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

முப்பத்தேழு ஐப்பசியில் கடிதம் இல்லை.
கார்த்திகையிலும் இல்லை.
மிஸ்ரியா பேசாமல் தன் கட்டை அவிழ்த்துத் தேடினாள்.
அங்கேயும் இல்லை.

மார்கழியில், விளம்பரப் பக்கத்தில் இருந்தார்.

*சஞ்சீவராஜ லேகியம்!
முறைக்காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், ஞாபகமறதி,
வழக்குத் தோற்றோருக்கு வரும் நித்திரையின்மை
அனைத்தும் பறந்தோடும்.
டப்பி ஒன்று ஒரு ரூபா கால். தபாற்செலவு வேறு.
போலிகளைக் கண்டு ஏமாறாதீர்.*
சங்கும் சூரியனும் போட்ட கரைக்குள்ளே:
*"இதை உண்டபின் எனக்கு யாதொரு குறையும் இல்லை.
ஓ. கதிராமப்போடி, மண்டூர்."*

"பேர வித்திட்டார்," என்றாள் மிஸ்ரியா.
இருக்கலாம். இரண்டு டப்பி சும்மா கிடைத்திருக்கலாம்.
அச்சுக்கூடத்தில் யாரோ கைக்கெட்டிய பெயரை
எடுத்துக் கோத்திருக்கலாம்.
உண்மையாகவே சுகம் வந்திருக்கலாம், அப்படியும் நடக்கும்.
இரண்டு வருஷம் குறை எழுதிய கைக்கு
குறையில்லை என்று எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

எனக்குக் கோபம் வரவில்லை.
அடிமட்டத்தை எடுத்து அளந்தேன்.
கடிதத்தைப்போல் மூன்று மடங்கு இடம்.
ஒரு சொல்லும் சுருக்கவில்லை.

படம் எடுக்கும் நேரம் பார்த்து இருமல் வந்தது.
கலங்கிப் போனது. திருப்பி எடுத்தேன்.
பட்டியலில் 'பொருள்' என்றொரு கட்டம்,
பத்து எழுத்துக்கு மேல் ஏறாது.
விளம்பரம் என்றுதான் அடிக்க வேண்டும்.

ஓடம் என்று அடித்தேன்.
மிச்ச இடம் வெறுமையாகக் கிடந்தது.